சதவீதக் குறிக்குப் பின்னால் எழுதியவை

1

போன சனிக்கிழமை மத்தியானம் என் மகள் ஆரணி என்னுடைய பழைய கோப்பு ஒன்றை எனக்கு வாசித்துக் காட்டினாள். அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் தமிழ் கதைப்பாள், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மூன்று வருடம் கூட்டிப்போனேன். நான்காம் வருடம் கைப்பந்துப் பயிற்சியும் அதே நேரத்துக்கு வந்தது. நானும் மனைவியும் ஒரு கிழமை யோசித்தோம். அவள் யோசிக்கவில்லை.

கோப்பைக் கணனியில் திறந்து வைத்துவிட்டு நான் தேநீர் ஊற்றப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் என் கதிரையில் இருந்து திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். அது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். உச்சரிப்பில் ஒன்றும் பிசகவில்லை.

"மச்சான், இந்த வரி ஒருத்தர்ட கண்ணிலயும் படாது எண்டபடியாச் சொல்றன். உன்ட தங்கச்சி வைக்கிற இறால் கறி சரியான உப்பு."

வாசித்துவிட்டுச் சிரித்தாள். "இது லேசான தமிழ், அப்பா. சரியான எழுத்தில இருக்கு" என்றாள். பிறகு, எழுதியது யார் என்று கேட்டாள்.

சொக்கலிங்கம் மாமா என்றேன்.

"போன்ல ஓம், ஓம் எண்டு மட்டும் சொல்ற மாமாவா?"

"ஓம். அவர்தான்."

அவள் நம்பவில்லை. நானும் அதற்கு மேல் விளக்கவில்லை. அவளுக்குச் சொல்லாததை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலருக்குப் பாதிக் கதை தெரியும். மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்களை மாற்றவில்லை.

2

சொக்கலிங்கமும் நானும் இலங்கையின் மேற்குக் கரையில் உடப்பில் ஒரே வகுப்பில் படித்தோம். அவன் பல்கலைக்கழகம் போய்க் கணித ஆசிரியராக ஊருக்கே திரும்பி வந்து என் தங்கை பரமேஸ்வரியைக் கட்டினான். நான் நோர்வேக்கு வந்தேன். முதல் நான்கு வருடமும் இந்த நாட்டின் வடக்கு முனையில் ஒரு மீன் ஆலையில் வேலை. மீன்பிடி ஊரில் பிறந்து, கடலுக்குப் போகாமல் படித்து, கடைசியில் ஐஸ் தண்ணீரில் நின்று மீனுக்குத் தலை வெட்டுகிறேன் என்று அவனுக்கு எழுதினேன். நீ எங்க ஒளிச்சாலும் மீனுக்குத் தெரியும் மச்சான், உடப்பான் எண்டு, என்று பதில் போட்டிருந்தான்.

பிறகு ஒரு தட்டெழுத்துப் பயிற்சி. அதிலிருந்து இந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை. பேராசிரியர்கள் கையால் எழுதித் தருவதை அச்சுக்கேற்ற பக்கமாக்குவது என் வேலை. அதற்கான மென்பொருளின் பெயர் லாடெக். கடிதம் அடிக்கும் மென்பொருளைப் போல அதில் எழுதும்போதே பக்கம் தெரியாது. நாம் கட்டளைகளை எழுத வேண்டும். ஒரு பின்சாய்ந்த கோடு, ஒட்டினாற்போல் 'ஃபிராக்' என்ற சொல், சுருள் அடைப்புக்குள் ஒன்று, அடுத்த சுருள் அடைப்புக்குள் இரண்டு என்று எழுதி மென்பொருளை ஓட்டினால், பக்கத்தில் அரை என்ற பின்னம் வந்து நிற்கும். கோப்பைப் பார்ப்பவருக்கு அது வெறும் கோடும் கொக்கியும். ஓட்டி முடித்த பக்கத்தைப் பார்ப்பவருக்கு அது கணிதம்.

ஓர் அடைப்பை மூட மறந்தால் ஓட்டம் நின்றுவிடும். எந்த வரியில் தடுக்கியது என்று எண்ணோடு சொல்லும். ஆனால் பிழை பெரும்பாலும் அந்த வரியில் இராது, அதற்கு மேலே எங்கேயாவது இருக்கும். மேலே போய்த் தேட வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் சொக்கன் பக்கத்து ஊரான முந்தலில் ஓர் ஓலைக் கொட்டிலில், பல்கலைக்கழகம் புகுவதற்கான உயர்தரச் சோதனைக்கு இணைந்த கணித வகுப்பு நடத்தினான். சம்பளம் வாங்குவதில்லை. உடப்புப் பிள்ளைகள், முந்தல் பிள்ளைகள், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து முகாம்களில் இருந்த முஸ்லிம் பிள்ளைகள் என்று இருபத்துமூன்று பேர். அவர்களுக்குத் தமிழில் பயிற்சிப் புத்தகம் இல்லை. எங்கேயோ யாரோ எழுதிய குறிப்பைப் பிரதி எடுத்து, பிரதியிலிருந்து பிரதி எடுத்துப் படித்தார்கள். பிரதி எடுக்க எடுக்க முதலில் அழிவது அடுக்குக் குறிதான். அது சின்ன எழுத்து. வர்க்கமா கனமா என்று தெரியாமல் ஒரு பிள்ளை மூன்று பக்கம் கணக்குச் செய்து, அது வேறொரு கணக்கு என்று கடைசியில் அழுததாம். சொக்கன் அதை எழுதி, உன்ட மெசினால எங்களுக்கு ஒரு புத்தகம் போடலாமா மச்சான் என்று கேட்டிருந்தான்.

ஒன்பது அத்தியாயம் என்று திட்டம் போட்டோம்.

3

வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

சிலாபத்தில் ஒரு கணனி வகுப்பு இருந்தது. சனிக்கிழமைகளில் சொக்கன் அங்கே இரண்டு மணித்தியாலம் ஒரு கணனியை வாடகைக்கு எடுப்பான். லாடெக் கட்டளைகளை நான் கடிதத்தில் எழுதி அனுப்பினேன். ஆறு கிழமையில் பிடித்துக்கொண்டான். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பான். அதைத் தமிழ் எழுத்தாக மாற்றும் துணை மென்பொருளும் எழுத்துருவும் என்னிடம்தான் இருந்தன. ஆகவே அவன் டிஸ்கட்டைத் தபாலில் போடுவான், நான் இங்கே ஓட்டிப் பார்த்துத் திருத்தி அனுப்புவேன்.

திருத்தங்களை நான் கோப்பாகவே அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு அனுப்பினேன். வரி 214, கூட்டல் அல்ல கழித்தல் என்று சொல்வதற்கு அதுதான் வசதி. முடிந்த பக்கத்தையும் ஒருதரம் காட்டன் மச்சான், கோடும் கொக்கியும் பாத்து எனக்குக் கண் போச்சு, என்று அவன் இரண்டு முறை கேட்டான். புத்தகம் முழுவதும் சரியானபின் அனுப்புகிறேன் என்று எழுதினேன். அரைகுறைப் பக்கத்தை அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை.

லாடெக் கோப்பில் ஒரு வரியில் சதவீதக் குறியை இட்டால், அதற்குப் பிறகு அந்த வரியில் உள்ளதை மென்பொருள் பார்க்காது. அச்சுப் பக்கத்தில் அது வராது. எழுதுபவர் தனக்கென்று குறிப்பு வைத்துக்கொள்ளும் இடம் அது. எங்கள் இருவருக்கும் அது கதைக்கும் இடமாகிவிட்டது. கடிதத்துக்குத் தனியாகத் தாள் செலவழிக்காமல் கணக்குகளுக்கு நடுவிலேயே கதைத்தோம். தொகையீட்டுக்கு நடுவில் அவன் எழுதுவான்: மூண்டு நாளாக் கடலுக்கு இறங்க விடல்ல, நேவி பாஸ் குடுக்கல்லையாம். அடுத்த சமன்பாட்டுக்குக் கீழே நான் எழுதுவேன்: இங்கே பனி முழங்கால் உயரம், ஆரணிக்கு முதல் பால்பல் ஆடுகிறது. இந்த முறை ஆடித் திருவிழாவில் பூக்குழி இறங்க யார் யார் பெயர் கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல். பெரியப்பாவின் வலை இரண்டும் போனது. இறால் கறி உப்பு.

ஆறாம் அத்தியாயம் வரை வந்தோம்.

4

அது மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. அன்றைய என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: வெளியே மறை பதினொரு பாகைக் குளிர். பாண், பால் வாங்கியது. ஆறாம் அத்தியாயம் ஓடியது, பிழை இல்லை.

மறுநாள் வழக்கப்படி முந்தலில் சலீம் நானாவின் தொலைபேசிக் கடைக்கு எடுத்தேன். ஞாயிறு பின்னேரங்களில் பரமேசு உடப்பிலிருந்து பஸ் ஏறி அங்கே வந்து காத்திருப்பாள். முதலில் நானாதான் கதைத்தார்.

"தங்கச்சி காலையிலயே வந்து இரிக்கிறா. நீங்க பதறாம கேளுங்க."

பிறகு பரமேசு எடுத்தாள். "அண்ணன், அவரைப் புடிச்சிட்டாங்க."

எங்கே என்று கேட்டேன். சிலாபம் போகிற வழியில், சோதனைச் சாவடியில், பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்திருக்கிறார்கள்.

"பேக்கில உங்கட கடதாசி இருந்திச்சாம்."

"என்ன கடதாசி?"

"அந்தக் கோடும் கொக்கியும் போட்ட கடதாசி. அது என்ன பாஷை எண்டு கேட்டாங்களாம். கணக்கு எண்டிருக்கார். எங்களுக்கும் கணக்குத் தெரியும், இது கணக்கில்ல எண்டிட்டாங்களாம்."

நாற்பத்திரண்டு தாள்கள். என் அச்சு, என் வரி எண்கள். ஒரு டிஸ்கட். முடிந்த பக்கம் ஒன்றாவது அந்தப் பைக்குள் இருந்திருந்தால், தொகையீட்டுக் குறியும் தமிழ் எழுத்தும் உள்ள ஒரு தாளை எடுத்துக்காட்டி, இதுதான் அது என்று அவன் சொல்லியிருப்பான். பாடசாலைக்குப் போன எவரும் அதைக் கண்டால் கணக்கென்று அறிவார். அந்த ஒரு தாளை அவன் இரண்டு முறை கேட்டிருந்தான்.

தொலைபேசியை வைக்குமுன் நானா மறுபடி கதைத்தார். "எங்கட மகளும் அந்த வகுப்புத்தான். மாஸ்டர் வாற வரைக்கும் கொப்பியத் தொடமாட்டேன் எண்டு இரிக்கி. நீங்க வெளிநாட்டில இரிக்கிறவங்க, ஒரு கடிதம் கிடிதம் எழுதினா விடுவாங்க தானே?"

அப்படித்தான் நானும் நினைத்தேன்.

5

பரமேசு சிலாபத்தில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தாள். சிங்களப் பெண்மணி, நிதானமானவர், தமிழும் கதைப்பார். நான் அவருடன் தொலைபேசியில் கதைத்தேன். விசாரிப்பவர்களுக்கு இந்தத் தாள்கள் என்னவென்று விளங்கவில்லை, அதுதான் பிரச்சினை என்றார். இது கணிதப் புத்தகம் அச்சிடும் முறை என்று பல்கலைக்கழகத்தின் கடிதத் தலைப்பில் ஒரு பக்கம் வந்தால் இரண்டு கிழமைக்குள் முடித்துவிடலாம் என்றார். ஒரு பக்கம் என்றுதான் சொன்னார். அந்தச் சொல் என் குறிப்பேட்டில் இருக்கிறது.

நான் நான்கு பக்கம் எழுதினேன். மூன்று முறை திருத்தி எழுதினேன். முதல் பந்தியில் மென்பொருள் என்ன என்பது. இரண்டாவதில் பின்சாய்ந்த கோடு. மூன்றாவதில் சுருள் அடைப்பு. நான்காவதில் வரி எண்கள் ஏன். ஐந்தாவதில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது ஏன். ஆறாவதில் இருபத்துமூன்று பிள்ளைகளும் அடுக்குக் குறியும். ஏழாவதில் சதவீதக் குறி.

ஏழாவது பந்தியை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை மறைத்தால் மற்ற ஆறையும் நம்பமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. கடிதம் முழுமையாக இருந்தால்தான் உண்மை என்றும் பட்டது. ஆகவே இப்படி எழுதினேன்: இக்குறிக்குப் பின்னால் வருபவை அச்சிட்ட பக்கத்தில் தோன்றா. கோப்பை வைத்திருப்பவர் மட்டுமே அவற்றை வாசிக்க முடியும். கீழே ஒப்பமிடும் நானும் என் மைத்துனரும் எங்களுக்குள் செய்திகளைப் பரிமாறிக்கொள்ள இவ்வரிகளைப் பயன்படுத்தினோம். அவை குடும்பச் செய்திகள்.

துறைத் தலைவரும் கையொப்பமிட்டார். இந்த மென்பொருளைப் பற்றி இவ்வளவு தெளிவான விளக்கத்தைத் தான் வாசித்ததில்லை என்றார். அன்று எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. தொலைநகலில் அனுப்பிவிட்டு, சென்று சேர்ந்ததற்கான துண்டை நாட்குறிப்பில் ஒட்டினேன்.

அடுத்த ஞாயிறு பரமேசு அழவில்லை. குரல் தட்டையாக இருந்தது.

"அண்ணன், ஏழாவது பந்திய எதுக்கு எழுதினீங்க?"

கடிதத்தின் பிரதியை எடுத்து ஏழாவது பந்தியைப் பார்த்தேன்.

"அதுவரைக்கும் கோட்டையும் கொக்கியையும்தான் கேட்டாங்களாம். இப்ப அந்தக் குறி வாற வரி எல்லாத்துக்கும் சிவப்புப் பேனையால கீழ்க்கோடு போட்டு, ஒரு ஆளை வச்சு மொழிபெயர்க்கிறாங்களாம். பூக்குழிக்குப் பேர் குடுத்தவங்க யார் யார் எண்டு கேக்கிறாங்க. அவங்களையும் கூப்பிட்டிருக்காங்க."

பிறகு சொன்னாள்:

"என்ட கறி உப்பெண்டு எழுதினதையும் வாசிச்சாங்களாம். அவருக்கு முன்னால வச்சு, சத்தமா. அதுக்கு என்ன அர்த்தம் எண்டு கேட்டிருக்காங்க. உப்பெண்டா உப்புத்தான் ஐயா எண்டாராம். அதுக்கு அடிச்சிருக்காங்க."

வழக்கறிஞர் என்னைக் குறை சொல்லவில்லை. நீங்க பொய் சொல்லல்ல மிஸ்டர், கேட்காததுக்குப் பதில் சொல்லியிருக்கீங்க என்றார். அவ்வளவுதான்.

6

இரண்டு கிழமை என்றது பதினொரு மாதமானது. ஏழாவது பந்தி இல்லாவிட்டாலும் அவ்வளவு காலம் ஆகியிருக்கலாம் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். அதை நிறுவ எனக்கு வழியில்லை. மறுக்கவும் வழியில்லை.

அந்தப் பதினொரு மாதமும் நான் செய்தவை நாட்குறிப்பில் வரிசையாக இருக்கின்றன. அரச அலுவலகங்களுக்கும் நிவாரண அமைப்புகளுக்கும் முப்பத்தொரு கடிதங்கள். பத்தொன்பது பதில்கள். எல்லாப் பதில்களும் மரியாதையானவை. ஓர் அலுவலகத்தில் என்னை நேரில் வரச்சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, உங்கள் மைத்துனர் குற்றமற்றவர் என்பதற்கு உங்களிடம் 'பெவீஸ்' இருக்கிறதா என்று கேட்டாள். என் நோர்வேஜிய மொழி கணிதத் துறையில் பழகியது. அந்தச் சொல்லை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அடிப்பேன். தேற்றம் முடிந்ததும் அடுத்த வரியில், தடித்த எழுத்தில், 'நிறுவல்' என்று வரும் இடம் அது. அவள் கேட்டது சான்று. இரண்டுக்கும் இந்த மொழியில் ஒரே சொல். அவர் கணித ஆசிரியர் என்று மட்டும் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

நேரில் போகலாம் என்றால், என்னிடம் இருந்தது கடவுச்சீட்டு அல்ல, அகதிக்குரிய பயணப் பத்திரம். நீல அட்டை. முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும். உலகத்தில் நான் போக வேண்டியிருந்த இடம் ஒன்றுதான்.

வேலைக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. காலை எட்டு மணிக்குப் போய் மற்றவர்களின் அடைப்புகளை மூடினேன். ஆரணியைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். மாலையில் மனைவி முதியோர் இல்லத்து வேலைக்குப் போனபின் அந்தக் கடிதத்தின் பிரதியை எடுத்து வாசிப்பேன். ஒவ்வொரு வாக்கியமும் சரி. பிழை தடுக்கிய இடம் ஏழாவது பந்தி. ஆனால் மேலே போய்த் தேட வேண்டும் என்பது என் தொழில் எனக்குப் பழக்கிய விதி. மேலே போனால், அனுப்பாத அந்த ஒரு பக்கம் இருந்தது. அதற்கும் மேலே, கோப்பாகவே அச்சடித்து வரி எண் போடுவோம் என்று நான் வைத்த ஒழுங்கு இருந்தது.

பதினோராம் மாத முடிவில், குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் அவனை விட்டார்கள். தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பூக்குழிக்குப் பெயர் கொடுத்தவர்களை இரண்டு நாளில் விட்டிருந்தார்கள், ஆனால் அடுத்த ஆடியில் யாரும் பெயரை எழுத்தில் கொடுக்கவில்லையாம், வாயால் சொன்னார்களாம். அந்த இருபத்துமூன்று பேரும் உயர்தரச் சோதனையை எப்படி எழுதினார்கள் என்று நானாவிடம் கேட்டேன். "மகளைக் கட்டிக் குடுத்திட்டன்" என்றார்.

நான் எடுத்தால் சொக்கன் தொலைபேசிக்கு வருவான். சுகமா என்றால் ஓம். பள்ளிக்கூடம் போகிறாயா என்றால் ஓம். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. தொலைபேசியில் கேட்கக்கூடிய கேள்வியல்ல அது. நேரில் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். பிறகு எனக்கு நோர்வே குடியுரிமையும் சிவப்புக் கடவுச்சீட்டும் கிடைத்தன. போக முடியும். பாதை மூடியது, குண்டு வெடித்தது, இப்ப வராதீங்க என்று ஒவ்வொரு வருடமும் பரமேசு ஒரு காரணம் சொல்லுவாள். கேட்கும் தைரியம் எனக்கு இல்லாமல் போனதை அவள் அறிந்து சொல்கிறாளோ என்றும் நினைப்பதுண்டு.

7

இந்தத் தை மாதம் எனக்கு ஒரு பொதி வந்தது. சலீம் நானாவின் உறவினர் ஒருவர் லண்டன் வந்தபோது கையில் கொண்டுவந்து அங்கிருந்து தபாலில் போட்டிருந்தார். உள்ளே ஒற்றைக் கோட்டுக் கொப்பி ஒன்று. ஏழாம், எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்கள். சொக்கனின் கையெழுத்து, நீல மை. கடிதம் இல்லை. ஓரங்களில் ஒன்றும் இல்லை. மச்சான் என்ற சொல் எங்கேயும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கணிதம் மட்டும்.

அவன் மறுபடி வகுப்புத் தொடங்கியிருக்கிறான் என்று பரமேசு சொன்னாள். இம்முறை உடப்பிலேயே, பத்துப் பிள்ளைகள். சித்திரைக்குள் புத்தகம் கிடைத்தால் நல்லதாம்.

அதற்காகத்தான் பழைய டிஸ்கட்டுகளிலிருந்து முதல் ஆறு அத்தியாயங்களையும் எடுத்துத் திறந்து வைத்தேன். ஆரணி அதைத்தான் வாசித்தாள்.

பழைய வழக்கப்படி ஒவ்வொரு கணக்கையும் செய்து பார்த்துவிட்டே தட்டினேன். முதல் ஆறு அத்தியாயங்களில் நூற்றெண்பத்தேழு கணக்குகள், தட்டும்போது விரல் தவறியவை தவிர ஒரு விடையிலும் பிழை இல்லை. சொக்கன் அப்படிப்பட்டவன். புதிய கொப்பியில் சில விடைகள் பிழை. கவனக்குறைவான பிழை அல்ல. ஒரு வரி வரை எல்லாம் ஒழுங்காக வரும். அடுத்த வரியில் ஓர் உறுப்பு இருக்காது, அல்லது குறி மாறியிருக்கும். அதற்குப் பிறகு மறுபடி எல்லாம் ஒழுங்கு, அந்தப் பிழையை நம்பி, கடைசி வரை. இரண்டு வரிகளுக்கு நடுவில் அவன் எழும்பி எங்கேயோ போய்விட்டு வந்தது போல இருந்தது.

அந்தக் காலமாக இருந்தால் சதவீதக் குறி இட்டு எழுதியிருப்பேன்: மச்சான், கண் எங்க போச்சு?

ஞாயிறன்று பரமேசுவிடம் சொன்னேன். இப்போது அவர்கள் வீட்டிலேயே தொலைபேசி இருக்கிறது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரிட்டக் கேக்காதீங்க அண்ணன். பிழை எண்டு சொன்னா இனிக் கொப்பியத் தொடமாட்டார்."

"பிள்ளைகள் பிழையாப் படிச்சா?"

"அதுக்குத்தானே உங்களிட்ட அனுப்பின."

அனுப்பச் சொன்னது அவனா அவளா என்று நான் கேட்கவில்லை. பிறகு அவனைக் கூப்பிட்டாள். கொப்பி கிடைத்தது என்றேன். ஓம் என்றான். தட்டி முடித்துவிட்டேன் என்றேன். ஓம். கோப்பையும் ஒரு டிஸ்கட்டில் போட்டு அனுப்பட்டுமா, நீயும் பார்க்கலாமே என்று கேட்டேன்.

"வேணாம்" என்றான். "பக்கம் மட்டும் அனுப்பு."

ஒன்பது வருடத்தில் அவன் என்னிடம் ஓம் தவிர்த்துச் சொன்னது அதுதான்.

பக்கங்களை அடித்து முடித்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், வரி எண் இல்லாமல், சுத்தமாக. அடுக்குக் குறிகளைப் பிரதியின் பிரதியிலும் அழியாத அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறேன். யாராவது கொழும்புக்குப் போகும்போது கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஆரணி வந்து, அந்த உப்புக் கதையை அழித்துவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். பழைய வரிகள் அப்படியே இருக்கின்றன. புதிதாக ஒரு வரியும் சேர்க்கவில்லை. மாமாவுக்கு அதில் தான் ஒன்று எழுதலாமா, தனக்கு அந்த எழுத்துத் தெரியும்தானே என்றாள். மாமா கோப்பைப் பார்க்கமாட்டார் என்று சொன்னேன். அப்ப யாருக்கு இது இருக்கு என்று கேட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

இதை எழுதலாமா என்று பரமேசுவிடம் கேட்டுத்தான் எழுதினேன். எழுதுங்க, அவர் இப்ப பத்திரிகை ஒண்டும் வாசிக்கிறல்ல என்றாள். பேரை மாற்றச் சொன்னாள். கறிக் கதையை எழுதினாலும் பரவாயில்லை என்றாள். எத்தனை கணக்குப் பிழை எண்டு மட்டும் எழுதாதீங்க அண்ணன் என்றாள்.

திருத்தம் செய்தால் அந்த வரிக்கு அருகில் சதவீதக் குறி இட்டு, திகதி போட்டு, என்ன திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று எழுதுவது இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து என் வழக்கம். இம்முறை கோப்பில் எழுதவில்லை. நாட்குறிப்பிலும் எழுதவில்லை. விடைகளைத் திருத்தினேன். எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். அந்த எண் மட்டும் எங்கேயும் இல்லை.